ஏறக் கூலி, ஏறக் கட்டணம்

எங்கள் பக்கத்தில் மலையேறுவது பிழைப்பு. ஏறினால் பேர் விழும், அதாவது அன்றைய கூலி கணக்கில் சேரும்; ஏறாவிட்டால் விழாது. காசு கொடுத்து மலையேறுகிற மனிதரும் உலகத்தில் உண்டு என்று என் அப்பாயியிடம் யாராவது சொல்லியிருந்தால், சொன்னவர் தலைக்கு எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளிப்பாட்டச் சொல்லியிருப்பாள்.

சப்ரகமுவ என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது இரத்தினபுரி மாணிக்கம். அங்கே கீழே இறங்கினால்தான் பணம். பக்கச் சுவர் சரியாமல் மரக்கம்பும் கெக்கில்ல இலையும் அடைகொடுத்து, ஊறும் தண்ணீரை இறைத்து இறைத்துச் சேற்றுக்குள் போவார்கள். கேகாலைப் பக்கத்து நாங்கள் மேலே போகிற கூட்டம். யட்டியாந்தோட்டை, தெரணியகல, புளத்கொஹுபிட்டிய என்று எல்லாம் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்கள். அடிவாரத்தில் றப்பர், உயரத்தில் தேயிலை, இரண்டுக்கும் பொதுவாக மழையும் அட்டையும்.

இந்தப் பக்கத்தில் உழைப்பைவிட விளையாட்டுக்குத்தான் மதிப்பு அதிகம் என்பதை எங்கள் அப்பா எனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார். அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்குப் போகும் பாதையில், களனி கங்கைக் கரையில் கித்துல்கல இருக்கிறது. டேவிட் லீன் என்ற வெள்ளைக்காரர் அங்கே வந்து, ஆற்றுக்குக் குறுக்கே மரத்தால் ஒரு பெரிய பாலத்தைக் கட்டினார். ஒரு பழைய ரயிலையும் கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு இரண்டையும் சேர்த்து வெடிவைத்துத் தகர்த்தார். ‘தி பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்’ என்ற அந்தப் படம் 1957 இல் வெளிவந்து ஏழு ஒஸ்கார் விருதுகளை வாங்கியது. கூரைத் தகரத்துக்கு நாலு ஆணி கேட்டுத் தான் தோட்டத்து ஆபிஸ் வாசலில் நின்றுகொண்டிருந்த காலத்தில், அடுத்த ஊரில் ஒரு பாலத்தையே உடைப்பதற்காகக் கட்டினார்கள் என்பதை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை. அதிசயமாகத்தான்.

இன்று அதே ஆற்றில் றப்பர்ப் படகு விடுகிறார்கள். ஓடையில் வழுக்கி விழுவதற்குக் கன்யனிங் என்று பெயர். அருவியோரமாகக் கயிற்றில் இறங்குவது அப்செய்லிங். எங்கள் தோட்டத்து எல்லையில் இருக்கும் பாறைக்கும் இப்போது யோகம் வந்துவிட்டது. அதில் ஸ்போர்ட் கிளைம்பிங் நடக்கிறது.

அந்தப் பாறையை எனக்கு 1970களின் தொடக்கத்திலிருந்து தெரியும். அறுபது அடி இருக்கும். கறுத்த முகம், இடுப்பில் ஒரு திட்டு, உச்சியில் வளைந்து நிற்கும் ஓர் ஆலங்கன்று. அதற்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. பாறை என்றால் அதுதான். ஏறியதற்குக் காரணம் வீரம் அல்ல, களவு. றப்பர்ப் பால் மரத்தில் வெட்டு வாயோடு காய்ந்து கிடக்கும் நாடாவை நுனியில் பிடித்து மெதுவாக உரித்தால், அறாமல் ஒரே இழையாக வரும். சிரட்டையின் அடியில் உறைந்த ஒட்டுப்பால் கட்டியை நடுவில் வைத்து, அந்த நாடாவை இறுக்கி இறுக்கிச் சுற்றினால் பந்து. தரையில் அடித்தால், நாங்கள் குடியிருந்த வரிசை வீடான லயத்துக் கூரைக்கு மேலே போகும். ஆனால் ஒட்டுப்பாலும் தோட்டத்துக் கணக்கில் சேர்த்தி. காவல்காரர் கையில் பந்து அகப்பட்டால் அப்பாவின் பெயர் ஆபிஸில் கூப்பிடப்படும். காவல்காரருக்கு ஏற முடியாத இடம் அந்த இடுப்புத் திட்டு ஒன்றுதான். அங்கே ஒரு வெடிப்புக்குள் எங்கள் பந்துகள் பத்திரமாக இருந்தன.

1973, 74 பஞ்சத்தில் அந்தத் திட்டின் உபயோகம் மாறியது. மாவும் அரிசியும் ரேஷனில் சுருங்கிப்போக, பாறைக்கு மேலே காட்டோரத்தில் கிழங்கு இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். சுற்றுப்பாதையில் போனால் காவல். பாறை வழி போனால் குறுக்கு. வெறுங்கால், இடுப்பில் ஒரு சாக்கு, பல்லுக்கு நடுவே கத்தி. பால் வாளி தூக்கி, உள்ளங்காலில் காய்ந்துபோன பால் தோல் ஒட்டியிருந்தால் அன்றைக்குப் பிடிப்பு நன்றாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

வழிகளுக்குப் பெயரும் இருந்தது. இடது ஓரம் ‘ஆடு திரும்பாத வழி’. நடுவில் வெடிப்போடு போவது ‘பல் போன வழி’. பெரியப்பா மகன் ஒருவன் அங்கிருந்து வழுக்கி விழுந்து முன்பல் இரண்டைக் கொடுத்த நாளிலிருந்து அந்தப் பெயர். அவனைத் தோட்டத்து மருந்துக் காம்பராவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே எல்லா நோய்க்கும் இருந்த அதே சிவப்புத் தண்ணீரைக் கொடுத்தார்கள். அவனைத் தூக்கிப் போன பெரியப்பாவுக்கு அன்று அரைப்பேர். வலது பக்கத்து மறைவான வழிக்கு ‘அப்பாயி பார்க்காத வழி’ என்று பெயர். அது வெறும் ஆசைதான். அப்பாயி எல்லாவற்றையும் பார்த்தாள். பாறையில் விழுந்து பட்ட காயத்துக்கு மருந்து போடுமுன், ஏறியதற்கு ஓர் அடி. விழுந்ததற்கு இன்னோர் அடி.

இந்தப் பெயர் வைக்கும் பழக்கத்தை நாங்கள் பிள்ளைத்தனம் என்று நினைத்திருந்தோம். பிறகுதான் தெரிந்தது, உலகம் முழுவதும் அப்படித்தானாம். ஒரு பாறை வழியை முதலில் ஏறி முடித்தவர் அதற்குப் பெயர் சூட்டலாம். வொல்ஃப்காங் கூலிச் என்ற ஜெர்மன்காரர் 1991 இல் ஏறியது ‘அக்‌ஷன் டிரெக்ட்’. செக் நாட்டு அடம் ஒந்த்ரா 2017 இல் நோர்வேயில் ஒரு குகையின் கூரையில் தலைகீழாகத் தொங்கி ஏறிய வழிக்கு ‘சைலன்ஸ்’. பெயரோடு தரமும் உண்டு. பிரெஞ்சுக் கணக்கில் 4, 5, 6 என்று ஏறி, ஒவ்வொன்றுக்கும் ஏ, பி, சி என்று பிரிவு வைத்து, கூலிச் ஏறியதற்கு 9ஏ, ஒந்த்ரா ஏறியதற்கு 9சி. அதற்கு மேல் இன்னும் தரம் இல்லை.

எங்கள் பாறையின் நடு வழி இப்போது 5சி. பெரியப்பா மகன் இதைக் கேள்விப்பட்டபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. இரண்டு பல்லைக் கொடுத்தவனுக்கு 6 என்றாவது தரம் கிடைக்கும் என்று எதிர்பார்த்திருக்கிறான்.

பாறையில் என்ன நடக்கிறது என்று எனக்கு விளக்கியவன் என் அண்ணன் பேரன். வயது இருபத்திரண்டு. தோட்டத்தில் பேர் போட மாட்டேன் என்று சொல்லிக் கித்துல்கலக்குப் போனவன், படகில் துடுப்புப் பிடித்து, பிறகு கயிறு பிடிக்கக் கற்று, இப்போது வெள்ளைக்காரரையும் கொழும்பு ஐ.டி. பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு எங்கள் லயத்துப் பின்பக்கமாகவே வருகிறான்.

“கயித்துல தொங்கி ஏறுறதுன்னு நெனைச்சிறாதீங்க சின்னத் தாத்தா. ஏறுறது கையாலயும் காலாலயுந்தான். கயிறு விழுறதுக்கு.”

விழுவதற்குக் கயிறு. நான் அவனைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

முறை இதுதான். பாறையில் சில அடிக்கு ஒன்றாக ட்ரில் போட்டு, துருவேறாத எஃகுப் போல்ட்டை முடுக்கியிருக்கிறார்கள். ஒரு நல்ல போல்ட் இரண்டு தொன்னுக்கு மேல் தாங்குமாம். ஏறுகிறவர் இடுப்பில் வார்க்கட்டு, அதில் கயிறு. போல்ட்டை எட்டிய இடத்தில் ஒரு கொளுக்கியை மாட்டி, கயிற்றை அதற்குள் விட்டுக்கொண்டே மேலே போகிறார். கீழே இன்னொருவர் கயிற்றின் மறுபாதியைப் பிடித்தபடி அண்ணாந்து நிற்கிறார்; அவருக்கு பிலேயர் என்று பேர். மேலே உள்ளவர் கை நழுவினால், கடைசியாக மாட்டிய போல்ட்டைத் தாண்டி ஏறிய தூரம் எவ்வளவோ அதில் இரண்டு மடங்கும், கயிறு கொஞ்சம் இழுபடும் தூரமும் விழுவார். பிறகு நின்றுவிடுவார். அந்தக் கயிறே உடம்பில் அதிர்ச்சி ஏறாமல் இழுபடுகிற மாதிரித்தான் நெய்யப்பட்டிருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு ஏறப் பழக்குமுன், விழப் பழக்குகிறார்கள்.

கிட்ட நின்று பார்த்தேன். ஒரு பெண் பிள்ளை, கொழும்பு. பையன் முதலில் அவள் இடுப்புப் பட்டையின் பூட்டை இழுத்துப் பார்த்தான். அவள் கயிற்றில் எட்டு முடிச்சைப் போட்டாள். அவன் அந்த முடிச்சின் ஒவ்வொரு இழையையும் விரலால் தொட்டு, சோடி சோடியாக எண்ணினான். பிறகு அவளை, தன்னுடைய பூட்டையும் தன் கையிலிருந்த கருவியையும் பார்க்கச் சொன்னான். அவள் பார்த்தாள். அதற்குப் பிறகு, “பிலே ஓன்?” என்று கேள்வி, “ஓன்” என்று பதில். கேள்வியும் பதிலும் முடியாமல் கால் தரையை விட்டு எழும்பக் கூடாது. இடுப்பின் பின்பக்கம் தொங்கிய குட்டிப் பைக்குள் கையை விட்டு வெள்ளைத் தூளைப் பூசிக்கொண்டாள். வேர்வை உறிஞ்சும் மக்னீசியம் காபனேற்று. ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்களிடமிருந்து அதை 1950களில் பாறைக்குக் கொண்டுவந்தவர் ஜோன் கில் என்ற அமெரிக்கர். எனக்கு அது பண்டாரத்தின் விபூதிப் பையாகத்தான் தெரிந்தது. ஒரு வித்தியாசம்: இதைப் பூசியவருக்குக் கடவுளைத் தவிரவும் கயிற்றைப் பிடிக்க ஓர் ஆள் இருந்தார்.

பத்தடி ஏறியதும் அவள் அலறினாள். எல்லாரும் பதறிப்போய்ப் பார்த்தோம். கணுக்காலில் அட்டை. உயரம் அவளைப் பயமுறுத்தவில்லை.

ஏறுமுன் அவர்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிறார்கள். தன் உயிருக்குத் தானே பொறுப்பு என்பதுதான் அதன் சாரம். எங்களிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. அந்தப் பொறுப்பு பிறப்பிலேயே எழுதப்பட்டிருந்தது.

சப்பாத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலைவிடச் சின்னதாகப் பார்த்து வாங்கி, விரல்களை மடக்கித் திணித்துக்கொள்கிறார்கள்; கீழே வந்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு முதலில் கழற்றுவதும் அதைத்தான். அடியில் வழுவழுப்பான றப்பர். 1980களின் தொடக்கத்தில் ஸ்பெயின் நாட்டு போரியால் நிறுவனம் ஒட்டும் றப்பர் வைத்த சப்பாத்தை வெளியிட்ட பிறகு, அதுவரை கால் நிற்காத பாறைகளில் எல்லாம் உலகத்தாருக்குக் கால் நின்றதாம். நல்ல சோடி ஒன்று 150 டொலர் என்றான் பையன். டொலரை 300 ரூபாயாகப் போட்டாலும் 45,000 ரூபாய். 2024 இல் நிர்ணயமான 1,350 ரூபாய் நாட்கூலிக்குக் கணக்குப் பார்த்தால், 33 நாளுக்கு மேல் பால் வெட்ட வேண்டும். 1876 இல் பிரேசில் விதை லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்துக் கன்றாகி ஹெனரத்கொடைக்குக் கப்பலேறி வந்த நாள்முதல் றப்பர் இந்த நாட்டில் இருக்கிறது. அந்த மரத்தடியில் தலைமுறை தலைமுறையாக நின்ற கால்களுக்குத்தான் றப்பர் இன்னும் வந்து சேரவில்லை.

பாறையில் ஆணி அடிப்பது சரியா என்று இப்போது கொழும்பிலிருந்து வருகிற பிள்ளைகள் வாதாடுகிறார்கள். ஒரு சாரார், பாறையைப் பிறந்த மேனிக்கு விட வேண்டும் என்கிறார்கள். இவர்களுக்கு எங்கள் அத்தையைத் தெரியாது. அத்தை வருடம் தவறாமல் சிவனொளிபாதமலைக்குப் போனவள், அதுவும் இரத்தினபுரி வழியாக. ஹட்டன் பக்கத்தார் நல்லதண்ணி வரை பஸ்ஸிலேயே பாதி உயரத்தை முடித்துவிடுவார்கள். பலாபத்தல பக்கமாகப் போகிறவர்கள் ஏறக்குறைய அடியிலிருந்தே 2,243 மீற்றர் உச்சியை நோக்கி நடக்க வேண்டும். செங்குத்தான இடத்தில் அத்தை பிடித்து ஏறியது இரும்புச் சங்கிலி. மொரோக்கோவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா 1344 இல் அந்த மலைக்கு ஏறியபோதே, பாறையில் படி வெட்டி, இரும்பு முளை அடித்து, அதில் சங்கிலிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். மொத்தம் பத்துச் சங்கிலி என்று எழுதிவைத்திருக்கிறார். பத்தாவதை எட்டிக் கீழே பார்த்தவருக்குத் தலை சுற்றி, வாய் தானாகக் கலிமாச் சொல்லுமாம். அதனால் அதற்குக் கலிமாச் சங்கிலி என்றே பெயர். ஆக, சப்ரகமுவ மலையில் போல்ட் அடிப்பது சரியா என்ற வழக்கு ஏழு நூற்றாண்டுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. புத்தரின் பாதம் என்றவரும், சிவனின் பாதம் என்றவரும், ஆதமின் பாதம் என்றவரும் ஒரே முளையைப் பிடித்துத்தான் ஏறினார்கள். யாரும் தரம் கேட்கவில்லை.

அதற்கும் முந்திய ஏற்றக்காரர்கள் இருந்தார்கள். கித்துல்கலக்குப் பக்கத்துப் பெலிலென குகையிலும், குருவிட்டப் பக்கத்து பட்டதொம்பலென குகையிலும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்களின் எலும்பைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அவர்கள் சாப்பிட்டுப் போட்ட எலும்புகளில் குரங்கெலும்பு நிறைய. குரங்கை வேட்டையாடித் தின்ற பரம்பரை நாம். இன்று காலம் தலைகீழ்: தேனி மாவட்டத்தில் பிறந்த ஜோதிராஜ், கர்நாடகத்துச் சித்ரதுர்க்கக் கோட்டைச் சுவரில் குரங்கைப் பார்த்து ஏறப் பழகி, கயிறில்லாமல் ஏறிக் காட்டுகிறார், பார்க்கக் கூட்டம் கூடுகிறது.

ஒலிம்பிக்கிலும் இந்த விளையாட்டு 2021 இல் டோக்கியோவில் புகுந்துவிட்டது. 2024 இல் பாரிஸில், 15 மீற்றர் சுவரை ஐந்து வினாடிக்குள் ஏறித் தங்கம் வாங்கியவர் இந்தோனேசியாவின் வெட்ரிக் லெயொனார்டோ. அந்த நாடும் தேயிலையும் றப்பரும் விளைகிற நாடுதான். தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது எனக்கு அத்தையின் நினைவு வந்தது. இருபது கிலோ கொழுந்தை முதுகில் சாய்த்து, மழை வழுக்கலில், நிறுவைக்கு மணியடிக்குமுன் அவள் இறங்கிய வேகத்தை அளக்கத் தோட்டத்தில் ஆள் இல்லை. தராசு மட்டும் இருந்தது. அதுவும் சாக்குக்கு இரண்டு கிலோ கழித்துத்தான் சொல்லும்.

சிரித்துக்கொண்டே எழுதலாம் என்றுதான் தொடங்கினேன். 2016 மே மாதத்தை மட்டும் அப்படிக் கடக்க முடியவில்லை. அந்த மாதம் 21ஆம் திகதி ஜயந்தி குரு-உதும்பால எவரெஸ்ட் உச்சியில் நின்றார். அங்கே ஏறிய முதல் இலங்கையர் அவர்தான். கூடப் போன யொஹான் பீரிஸ் அந்த முறை உச்சிக்குக் கொஞ்சம் கீழே திரும்பி, 2018 இல் மறுபடி போய் ஏறினார். நாடே மலையைப் பற்றிப் பேசியது. எங்கள் மாவட்டத்தில் அதற்கு நான்கு நாள் முன்பே, 17ஆம் திகதி, மலை இறங்கிவிட்டது. அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து ஊர்களை மூடியது. அன்றே புளத்கொஹுபிட்டியவில் தோட்டத்து லயத்தின் மேல் மண் விழுந்தது. அதே அரநாயக்கவில்தான் பைபிள் றொக் என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்த பத்தலேகல இருக்கிறது. சனி ஞாயிறுகளில் பிள்ளைகள் படமெடுக்க ஏறுகிறார்கள். மழை கூடினால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையில் கேகாலையும் இரத்தினபுரியும் பெரும்பாலும் முதல் வரியில் வரும். எச்சரிக்கை வந்ததும் பாறைக்காரர்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்விடுவார்கள். அது நல்ல பழக்கம். லயத்துக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் ஓர் இரவு படுத்துவிட்டு, விடிந்ததும் அதே சரிவுக்குத் திரும்புகிறார்கள்.

எனக்கு அந்தப் பாறைக்காரர்கள்மேல் பொறாமை இல்லை. மனிதன் விழுவான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, விழுமுன்னே அதற்கு ஏற்பாடு செய்யும் ஒரு விளையாட்டை நான் மதிக்கிறேன். அந்த மரியாதை பாறையோடு நின்றுவிடுகிறதே என்பதுதான் என் வழக்கு.

போன மாதம் பையனின் அம்மா, என் அண்ணன் மகள், வெட்டு முடிந்து வாளியோடு வந்தாள். கிழட்டு மரங்கள் நிற்கும் பகுதியில் அவளுக்கு வெட்டு. காற்றடித்தால் கொப்பு முறியும். முற்றத்துக் கயிற்றில் மகன் கழுவிக் காயவைத்திருந்த மஞ்சள் ஹெல்மட்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“சித்தப்பா, அதுல ஒன்ன எனக்குக் குடுக்கச் சொல்லுங்களேன். வெட்டுக்குப் போறப்ப போட்டுக்குவேன்.”

பையன் உள்ளிருந்தே பதில் சொன்னான். “அது கம்பனிச் சாமான்மா. பொழுது சாய எண்ணி வாங்குவாங்க.”

ஹெல்மட்டை மட்டுமல்ல, பாறையிலிருந்து எத்தனை பேர் இறங்கினார்கள் என்றும் எண்ணுகிறார்கள். ஒரு தலை குறைந்தால் டோர்ச் எடுத்துக்கொண்டு தேடப் போவான் என் பேரன். அவன் அம்மா போகிற பக்கம் இன்னும் எண்ணுவது கிலோவைத்தான்.